‘ரொம்ப ஆம்பிஷியஸ்’ என்று எழுதிவிட்டார்களா?

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குத் தங்கையிடமிருந்து போன். பத்து மணிக்கு மேல் அவள் கூப்பிட்டால் ஒன்று சண்டை, இல்லையென்றால் சந்தேகம். அன்றைக்கு வந்தது சந்தேகம்.

“அக்கா, அப்ரைசல் ஃபார்ம்ல என்னைப் பத்தி ‘வெரி ஆம்பிஷியஸ்’னு எழுதியிருக்காங்க. இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?”

அவள் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறாள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். நான் மதுரையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கை, ஆண்டறிக்கை, நோட்டீஸ் எல்லாவற்றையும் தமிழாக்கித் தருவது என் பிழைப்பு. அதனால் எங்கள் வீட்டில் யாருக்கு எந்த வார்த்தை தொண்டையில் மாட்டினாலும் எனக்குத்தான் போன் வரும்.

“அதுக்கு அடுத்த வரி என்ன, அதைப் படி” என்றேன்.

“‘நீட்ஸ் டு பி மோர் ஆஃப் எ டீம் பிளேயர்’.”

“அப்போ இது பாராட்டு இல்லடி.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். பேசியதில் மற்ற தங்கச்சிகளுக்கும் உதவுவது நிறைய இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உன்னையும் தங்கையாக நினைத்து ‘நீ’ என்றே எழுதப்போகிறேன், கோவித்துக்கொள்ளாதே.

முதல் காரியம், அந்த வார்த்தையைத் தனியாகப் பார்த்துப் பயப்படாதே. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார். ‘ஆம்பிஷியஸ் அண்ட் ஹார்ட்வொர்க்கிங்’ என்றிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். பின்னால் ஒரு ‘பட்’ வந்தால், சொல்ல வந்தது அந்த ‘பட்’டுக்குப் பின்னால் இருப்பதைத்தான். பக்கத்தில் எதுவுமே இல்லாமல் ஒற்றையாக நின்றால், எழுதியவர் முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம். நம்ம ஊர்ப் பேச்சிலும் இப்படித்தானே? “அந்தப் பையன் கெட்டிக்காரன்” என்பதற்கும் “அவன் கெட்டிக்காரனாச்சே” என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! குத்துகிற முள் எப்போதும் வார்த்தையின் வாலில் இருக்கும்.

அடுத்து, அந்த வார்த்தை ஆளின் மேல் ஒட்டியிருக்கிறதா, வேலையின் மேலா என்று பார்க்க வேண்டும். இதை நான் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அலுவலக அறிக்கையில் ‘ஆன் ஆம்பிஷியஸ் ஸ்கீம்’ என்று வந்தது. அகராதியைப் புரட்டினேன். ‘பேரவா’ என்று இருந்தது. அவா என்றால் ஆசை, பேரவா என்றால் பேராசை என்று கணக்குப் போட்டு, ‘பேராசைத் திட்டம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலே இருந்தவர் தாளை என் முன்னால் வைத்து, “ஏம்மா, இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அடுத்த வரி ‘பெருநஷ்டம்’னு ஜனங்களே எழுதிடுவாங்களே” என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆளின் மேல் ஒட்டும்போது அந்த வார்த்தை குணத்தைச் சொல்கிறது. திட்டத்தின் மேல் ஒட்டும்போது அளவைச் சொல்கிறது: பெரியது, கைக்கு எட்டுவது கஷ்டம், முயன்று பார்ப்போம். பத்திரிகைக்காரர்கள் இதற்கு ‘கனவுத் திட்டம்’ என்று அழகாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் அந்தப் பெயர் வாங்கிய திட்டங்களின் ஜாதகத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். சேது சமுத்திரக் கால்வாய்க்கு முதல் யோசனை 1860இல் வந்தது. 2005 ஜூலையில் இதே மதுரையில்தான் பிரதமர் வந்து தொடங்கிவைத்தார். கால்வாயில் இன்னும் கப்பல் போகவில்லை.

ஆபீஸ் மீட்டிங்கில் ‘தட் ஈஸ் ஆன் ஆம்பிஷியஸ் டைம்லைன்’ என்று யாராவது சொன்னால், ‘நீ கேட்கிற தேதிக்குள் நடக்காது’ என்பதை அவர் மரியாதையாகச் சொல்கிறார். இதைப் பாராட்டு என்று நினைத்து ‘தேங்க்யூ சார்’ சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எதைக் குறைத்தால் அந்தத் தேதிக்கு முடியும் சார்?” பேப்பரில் பருவநிலை மாநாட்டுச் செய்தி படிக்கும்போதும் இந்த வார்த்தை வரும். 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் ‘ஆம்பிஷனை’ உயர்த்த வேண்டும் என்றால், புகையைக் குறைக்கும் இலக்கை இன்னும் பெரிதாக வைக்க வேண்டும் என்று அர்த்தம். யாருடைய குணத்தைப் பற்றியும் அங்கே பேச்சில்லை.

இனி நான் தங்கைக்குச் சொன்ன கதை. வார்த்தையை வெறும் அகராதியில் பார்த்தால் மறந்துபோகும். அது பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டால் மறக்காது.

இந்த வார்த்தையின் பிறந்த வீடு ரோம். லத்தீன் மொழியில் ‘அம்பி’ என்றால் சுற்றி. ‘இரே’ என்றால் போவது. இரண்டும் சேர்ந்து ‘அம்பிட்டியோ’, அதாவது சுற்றிச் சுற்றிப் போவது. எதற்காகச் சுற்றினார்கள்? ஓட்டுக் கேட்க! பதவிக்கு நிற்கிறவர் சுண்ணாம்புத் தூள் தேய்த்துப் பளீரென்று வெளுத்த டோகாவைப் போர்த்துக்கொண்டு ஊர்த் திடலுக்கு வருவார். எதிரே வருகிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார். பின்னாலேயே ஓர் அடிமை நிற்பான். வருகிறவர் பெயர் இன்னது என்று முதலாளி காதில் ஓதுவது அவன் வேலை. வெள்ளை வெளேர் என்பதற்கு லத்தீனில் ‘காண்டிடுஸ்’. அந்த வெள்ளை உடுப்புக்காரர்தான் பிற்பாடு ‘கேண்டிடேட்’ ஆனார்.

நம்ம தெருவில் தேர்தல் நேரத்தில் இது அப்படியே நடக்கும். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. பக்கத்தில் வார்டுக்காரர் ஒருவர் குனிந்து, “அண்ணே, இது மாவு மில்லுக்காரர் வீடு, மூணு ஓட்டு” என்பார். வேட்பாளர் உடனே, “மில்லு எப்படிண்ணே ஓடுது?” என்று நாற்பது வருஷப் பழக்கம் போலக் கேட்பார். ஈராயிரம் வருஷம் ஆகியும் ஆள் மாறவில்லை.

ரோமில் இந்தச் சுற்றல் அளவு மீறி, காசு கொடுத்து ஓட்டு வாங்குவது வரைக்கும் போனது. அந்தக் குற்றத்துக்கு ‘அம்பிட்டுஸ்’ என்று பெயர் வைத்தார்கள்; அதே வேரில் பிறந்த வார்த்தைதான். கி.மு. 63இல் சிசரோ, கான்சல் என்ற பெரிய பதவியில் இருந்தபோது கொண்டுவந்த சட்டப்படி, இதற்குப் பத்து வருஷம் நாடு கடத்தல். தேர்தலில் நிற்பதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் கிளாடியேட்டர் சண்டை வைத்துக் கூட்டம் கூட்டுவதற்கும் அந்தச் சட்டம் தடை போட்டது.

அந்தச் சிசரோ தேர்தலுக்கு நின்ற கதையில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. அவர் அர்ப்பினும் என்ற சின்ன ஊர்க்காரர். குடும்பத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு பெரிய பதவிக்குப் போனதில்லை. கி.மு. 64இல் அவர் நிற்கும்போது, தம்பி குவிண்டஸ் அண்ணனுக்கு ஒரு நீளக் கடிதம் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. முழுக்க முழுக்க டிப்ஸ்! பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள், உன்னால் நன்மை அடைந்தவர்களிடம் இப்போது போய்க் கேள், வாசல் கதவைத் திறந்து வை, முகத்தையும் திறந்து வை என்று போகிறது. எழுதியது தம்பிதானா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது, இருக்கட்டும். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வதைவிட ஒத்துக்கொண்டுவிடுவது மேல் என்கிற அளவுக்கும் தம்பி போகிறார். அதை மட்டும் நான் உனக்குச் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் நல்ல புத்திதான்.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு நீட்டினேன் தெரியுமா? ஆம்பிஷன் என்ற வார்த்தையின் அடியில் ‘ஆசைப்படுவது’ இல்லை. ‘வெளியே போய், நாலு பேரிடம், வாய் திறந்து கேட்பது’ இருக்கிறது. தங்கையிடம் அன்றைக்கு நான் கேட்டேன்:

“உனக்கு அங்க என்னதான்டி வேணும்?”

“சி.எம்.எம். மெஷினை நானே தனியா ஓட்டணும்.”

பம்பின் பாகங்களை மைக்ரான் கணக்கில் அளக்கிற மெஷின் அது. குளிரூட்டிய தனி அறையில் இருக்கும். இவள் கையில் இருப்பது வெர்னியரும் மைக்ரோமீட்டரும். ஷிஃப்ட் முடிந்ததும் அந்த அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருப்பவர் மெஷினை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். காலையிலும் கால் மணி நேரம் முன்னாலேயே போய் அங்கே நிற்பாளாம்.

“இதை உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கியா?”

“இல்லக்கா. அவருக்கே தெரியாதா?”

தெரியாது. அவருக்குத் தெரிந்தது, ஒரு பெண் சீக்கிரம் வருகிறாள், தன் இடத்தில் இல்லாமல் இன்னொருவர் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள், எதையோ கணக்குப் போடுகிறாள். சொல்லாத ஆசை பார்க்கிறவர் கண்ணுக்குச் சதி மாதிரித்தான் தெரியும். அவர் ‘ஆம்பிஷியஸ்’ என்று எழுதியது அந்தக் குழப்பத்தைத்தான். அவர் செய்ததும் சரியில்லை. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவரை நான் திருத்த முடியாது, உன்னைத்தான் திருத்த முடியும் என்றேன். அதற்கு அவள் கொஞ்சம் முறைத்தாள். போனில் முறைப்பதும் அக்காவுக்குத் தெரியும்.

சரி, தமிழுக்கு வருவோம். நேர்காணலிலும் மேடையிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இந்த ஒரே ஆசையைச் சொல்ல நம்மிடம் ஏழெட்டு வார்த்தை இருக்கிறது. எந்த இடத்துக்கு எது என்று தெரியாமல் போட்டால், கல்யாண வீட்டுக்கு ரெயின்கோட் மாட்டிக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும்.

‘லட்சியம்’ மேடை வார்த்தை. வடமொழியில் ‘லக்ஷ்யம்’ என்றால் குறி வைத்துப் பார்க்கும் பொருள். பார்க்காமல் விடுவதுதான் ‘அலட்சியம்’. “அவர் என்னை லட்சியமே பண்ணலை” என்று பாட்டிமார் சொல்வார்களே, அங்கே பழைய அர்த்தம் உயிரோடு இருக்கிறது. விழா மலருக்கும் பேச்சுப் போட்டிக்கும் லட்சியம் நல்ல வார்த்தை. மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இன்டர்வியூவில், “என் லட்சியம் என்னவென்றால்” என்று தொடங்கினால் கைதட்டலுக்குக் காத்திருப்பது போல இருக்கும். ‘குறிக்கோள்’ அதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி வரும். குறி, கொள், இரண்டும் நம் வீட்டு வார்த்தைகள். புதுசும் இல்லை, ஏழாம் நூற்றாண்டில் அப்பர் தேவாரத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. பயோடேட்டாவில் தமிழில் எழுத வேண்டி வந்தால் இதையே எழுது.

‘வெறி’யில்தான் எல்லோரும் இடறி விழுகிறார்கள்.

“ஒரு வெறியோட படிச்சேன் மேடம்” என்று சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2019இல் வந்த பிகில் படத்தில் விஜய் பாடிய பாட்டின் பெயரே ‘வெறித்தனம்’தான், அதற்குப் பிறகு பிரியாணிக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. அதற்கும் முன்னால், 2011இல், ‘கொலவெறி’ தமிழே தெரியாத வட இந்தியா வரைக்கும் போய் வந்தது. ஆக, வெறி இப்போது செல்லப் பிள்ளை. ஆனால் இந்த வார்த்தைக்கு வயசு அதிகம், சொந்தக்காரர்களும் அதிகம். சங்ககாலத்தில் வேலன் முருகனை ஏற்றிக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு வெறியாட்டு என்று பெயர். அதைப் பாடியே பெயர் வாங்கிய புலவர் ஒருவர் இருக்கிறார், வெறிபாடிய காமக்கண்ணியார். பழைய பாடல்களில் வெறி என்றால் நறுமணமும்கூட! இன்னொரு பக்கம் பார்த்தால் சாதிவெறி, மதவெறி, பதவிவெறி, வெறிநாய். மணத்தில் தொடங்கி நாயில் முடிகிற வார்த்தையை இன்டர்வியூவில் வீசும்போது, எதிரே இருப்பவருக்கு எது முதலில் ஞாபகம் வரும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

இதில் எனக்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்துத் தோழியிடம் பெருமையாக, “என் தங்கச்சிக்கு எப்பப் பார்த்தாலும் வெறிதான்” என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. “ஐயோ, தங்கச்சி குடிக்கிறவளோ?” அவர்கள் ஊரில் வெறி என்றால் குடிபோதை, குடிகாரருக்கு வெறிக்குட்டி என்று பட்டம். தங்கையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

அதனால் வெறியை நண்பர்களோடு வைத்துக்கொள். ஆபீஸில் ‘முனைப்பு’ போதும். “முனைப்பா வேலை செய்யற பொண்ணு” என்றால் எந்த மேலாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

‘பேராசை’ என்பதை நீயே உன்மேல் போட்டுக்கொள்ளாதே. சிலர் அடக்கமாகப் பேசுவதாக நினைத்து “எனக்குக் கொஞ்சம் பேராசைதான்” என்பார்கள். அந்த வார்த்தைக்குக் கூடப் பிறந்தது பெருநஷ்டம், அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவாவும் ஆபத்துத்தான். வள்ளுவர் அவா அறுத்தலுக்கு ஓர் அதிகாரமும், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமல் இருக்க வெஃகாமை என்று ஓர் அதிகாரமும் வைத்தார். அதே மனிதர்தான் ஊக்கமுடைமை என்று அறுபதாவது அதிகாரத்தையும் வைத்தார். அவருக்கு ஆசையின் வகை தெரிந்திருக்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுகிறோம்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ‘விழைவு’. சின்ன வார்த்தை, சத்தம் போடாது. மத்திய அரசு 2018 ஜனவரியில் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஆஸ்பிரேஷனல் டிஸ்ட்ரிக்ட்ஸ்’. தமிழில் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று வைத்தார்கள். யார் அந்த மொழிபெயர்ப்பாளரோ, அவர் கைக்கு ஒரு காப்பு போடலாம். ‘பின்தங்கிய’ என்று சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளை தலையைக் குனிவான். ‘முன்னேற விழையும்’ என்றால் நிமிர்வான். ‘ஆஸ்பயர்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு மூச்சை ஒன்றின்மேல் விடுவது என்று பொருள். நம் ஏக்கத்திலும் பெருமூச்சு இருக்கிறதே, அதே மூச்சு. சென்னை அண்ணா நகரில் ஐ.ஏ.எஸ். கோச்சிங் போகிற பிள்ளைகள் தங்களை ‘ஆம்பிஷியஸ்’ என்று சொல்லிக்கொள்வதில்லை, ‘ஆஸ்பிரன்ட்’ என்கிறார்கள். நல்ல தேர்வு. ஆஸ்பிரன்ட் என்றால் என்னவாக விரும்புகிறாய் என்பது கூடவே வந்துவிடும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெண்ணாக இருந்தால் இன்னொரு இடத்திலும் இந்த வார்த்தை வரும், தயாராக இரு. பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் புரோக்கர் மூலமாகச் சொல்லி அனுப்புவார்கள்: “பொண்ணு கொஞ்சம் ஆம்பிஷியஸ் போலிருக்கே.” அந்தக் ‘கொஞ்சம்’, அந்தப் ‘போலிருக்கே’ இரண்டிலும்தான் விஷயம் இருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி இதே வார்த்தை வந்தால் அதற்குப் பெயர் ‘நல்லா வருவான்’. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செய்தி வந்தபோது அம்மா பதறிப்போய், “அதெல்லாம் இல்லைங்க, கல்யாணம் ஆனா விட்டுடுவா” என்று சொல்ல வாயெடுத்தாள். நான் போனை வாங்கிச் சொன்னேன்: “ஆமாங்க. பார்ட் டைம்ல பி.இ. முடிக்கணும்னு இருக்கா. சாயங்கால வகுப்பு. அது சரிவருமான்னு அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க.” அவர்கள் பிறகு கூப்பிடவில்லை. நல்லதாயிற்று, தாலி கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்தது. மறுக்காதே, மழுப்பாதே. அவர்கள் ஒரு குணத்தைச் சொன்னால் நீ ஒரு காரியத்தைச் சொல்.

நான் இதைக் கற்றுக்கொண்ட இடம் என்னுடைய முதல் இன்டர்வியூ. உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்தபடி, “ஐ ஆம் வெரி ஆம்பிஷியஸ் சார்” என்றேன். நடுவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரே வார்த்தை கேட்டார், “எதில்?” எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் ‘மை ஆம்பிஷன் இன் லைஃப்’ என்று கட்டுரை எழுதும்போது வகுப்பே டாக்டர் ஆனோமே, அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்கவே இல்லை. வேலை கிடைக்கவில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆம்பிஷியஸ்’ பின்னால் ‘டு’ போட்டு வினைச்சொல் வந்தால் அது உன் ஆசை. ‘ஃபார்’ போட்டு ஓர் ஆள் வந்தால் அந்த ஆளுக்காக நீ படுகிற ஆசை. ‘ஆம்பிஷியஸ் ஃபார் ஹெர் சன்’ என்றால் மகன் பெரிய ஆளாக வேண்டும் என்று அம்மா துடிக்கிறாள். மகனிடம் யாரும் கேட்கவில்லை! ‘ஓவர் ஆம்பிஷியஸ்’ என்பதைப் பாராட்டாக நினைத்து யாருக்கும் சிபாரிசுக் கடிதத்தில் எழுதிவிடாதே; அது ஆளைக் கவிழ்க்கும். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரைக் கொன்ற ப்ரூட்டஸ் சொல்லும் குற்றச்சாட்டே சீசர் ஆம்பிஷியஸ் என்பதுதான். ஆண்டனி வந்து, மூன்று தடவை கிரீடம் கொடுத்தும் வேண்டாம் என்றவருக்கா இந்தப் பெயர் என்று கூட்டத்தைப் புரட்டிப்போடுகிறான். ஒரு பெயரடையால் ஒரு கொலைக்கு நியாயம் சொல்ல முடிந்திருக்கிறது.

மறுபடி தங்கை விஷயம். ஃபார்மின் கடைசியில் ‘எம்ப்ளாயீஸ் கமென்ட்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நாலு வரி இடம். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் “நத்திங்” என்று எழுத இருந்தாளாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களாம்.

“‘ஐ ஆம் நாட் ஆம்பிஷியஸ்’னு எழுதட்டுமாக்கா?”

கூடாது. அவர் எழுதிய வார்த்தையை நீ தொடவே தொடாதே. மறுத்தால் அது இன்னும் பெரிதாகத் தெரியும். ஒத்துக்கொண்டாலும் பிரச்சினை. அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறதோ அதை வெளியே எடுத்து வை. இருவரும் சேர்ந்து எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் தேறியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: ‘சி.எம்.எம். மெஷினை இயக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஷிஃப்ட் முடிந்த பிறகு வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் இருக்கத் தயார். நான் கற்ற பிறகு, என் ஷிஃப்டில் இருக்கும் மற்ற இருவருக்கும் சொல்லித் தருவேன்.’ மூன்றாவது வரியைப் பார்த்தாயா? ‘டீம் பிளேயர்’ புகாருக்கும் அதிலேயே பதில் வந்துவிட்டது. லட்சியமும் இல்லை, வெறியும் இல்லை, ஆம்பிஷனும் இல்லை. ஒரு மெஷின், இரண்டு நாள், இரண்டு பேர்.

“கேட்டா திமிர்னு நினைக்க மாட்டாங்களா?” என்றாள் கடைசியாக.

ஆங்கிலத்துக் கேண்டிடேட்டுக்குள் வெள்ளைத் துணி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? நம் வேட்பாளருக்குள் இருப்பது துணி இல்லை, ‘வேட்பு’. வேட்கை பிறந்த அதே வேர். விருப்பம் என்று அர்த்தம். ஊராரிடம் ஓட்டுக் கேட்டு நிற்கிறவரை ‘விரும்புகிறவர்’ என்றே நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அவரும் தன் விருப்பத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, வேட்பு மனு என்று கொடுக்கிறார். அதை யாரும் திமிர் என்று சொன்னதில்லை. தேதி தாண்டினால் மட்டும் வாங்க மாட்டார்கள்.

சிசரோ அந்தத் தேர்தலில் ஜெயித்தார். உன் ஃபார்முக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய். வியாழக்கிழமையே கொடுத்துவிடு.